இருந்திருப்பார்

ஷெப்பர்ட்டன் நீதிமன்றத்தில் குளிரூட்டியை
பேரிக்காய்க் கிடங்குக்கு வைப்பதுபோல் வைத்திருந்தார்கள்.
மரண விசாரணை, இரண்டாம் நாள்.
என் இடம் ஜெசிந்தாவுக்கு அடுத்த நாற்காலி.
சொன்னதைச் சொல்வது என் வேலை.
கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது.
நான் என்று நான் சொன்னால்
அது நான் இல்லை.

தோட்டத்து நாலுசக்கர பைக்
வாய்க்கால் கரையில் கவிழ்ந்து
ஒன்றரை மணி நேரம் யேசுநேசன்மேல் கிடந்தது.
அன்று வெயில் நாற்பத்தொன்று.
கண்டெடுத்தவன் ஒரு சமோவாப் பையன்.
இவ்வளவும் நடந்தது.
நடந்ததற்கு இறந்தகாலம் போதும்.
சேதாரமில்லாமல் கரை சேர்ந்தது.

பிறகு பொறியாளர் சாட்சி சொல்ல வந்தார்,
மெல்பனிலிருந்து, ஒரு பெட்டியில் பொம்மை பைக்கோடு.
மேசையில் வைத்து, பின்பக்கம் கம்பி வளையம் ஒன்றை மாட்டி
கவிழ்த்துக் காட்டினார்.
வளையம் தாங்கிக்கொண்டது.
அடியில் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இடம்.
விலை அறுநூறு டாலர் சொச்சம், என்றார்.

வக்கீல் நேரத்தை மிச்சம்பிடித்தார்.
வளையம் பொருத்தியிருந்தால் என்ற பாதியை விட்டுவிட்டு
மறுபாதியை மட்டும் கேட்டார்.
பொறியாளர் ஆம் என்றார்.

ஆங்கிலத்தில் அது பூட்டிய வாக்கியம்.
வுட் ஒரு பூட்டு, ஹாவ் ஒரு பூட்டு,
உள்ளே முடிந்துபோன வினை.
பாதியைக் கேட்டாலும் தெரிந்துவிடும்
வீட்டில் ஆளில்லை என்று.

நான் அவள் காதோரம் சொன்னேன்:
உயிரோட இருந்திருப்பார்.

இந்நேரம் பஸ் வந்திருக்கும் என்கிறோம்.
பிள்ளை தூங்கியிருக்கும் என்கிறோம்,
கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு.
மழை பெய்திருந்தால் விளைந்திருக்கும் என்பதிலும்
அதே இருக்கும்.
நடக்காமல் போனதையும்
நம் கண்ணுக்குப் படாமல் நடந்திருக்கக்கூடியதையும்
ஒரே கொடியில் காயப்போடுகிறோம்.
எது எதுவென்று ஆல் சொல்ல வேண்டும்.
ஆலைத்தான் வக்கீல் விட்டுவிட்டாரே.

ஜெசிந்தா என்னைப் பார்க்கவில்லை.
மேசையைப் பார்த்துக் கேட்டாள்:
எங்கை?

விதிப்படி அதையும் ஆங்கிலத்தில் சொன்னேன்.
வேர்.
அறை நின்றது.
ஒலிப்பதிவின் சிவப்பு விளக்கு மட்டும்
எரிந்துகொண்டிருந்தது.

மொழிபெயர்ப்பாளர் விளக்கம் தர அனுமதி கோருகிறார் என்றேன்,
என்னையே படர்க்கையில் நிறுத்தி.
அனுமதி கிடைத்தது.
வேறு மாதிரி திருப்பிப் பார்த்தேன்:
செத்திருக்க மாட்டார்.

வாயை விட்டுப் போன பிறகுதான் உறைத்தது.
காலையில் காபி எந்திரத்தடியில்
(பேசக்கூடாது, பேசினோம்)
வட்டுவாகல் பாலத்துக்குப் பிறகு காணாத தம்பியைப் பற்றி
இதே சொல்லைத்தான் சொல்லியிருந்தாள்.
செத்திருக்க மாட்டான் அக்கா.
எத்தனை அலுவலகம், எத்தனை படிவம்,
எங்கை என்று கேட்டுக் கேட்டு
அந்தச் சொல் அவள் வாயில் தேய்ந்திருந்தது.

எனவே கூட்டினேன், குறைத்தேன்.
வளையம் இல்லை.
அதனால செத்துப்போனார்.

ஓம், என்றாள். அது எனக்குத் தெரியும்.
பிறகேன் இருந்திருப்பார் எண்டு சொல்லுறினம்?

இதை ஆங்கிலத்தில் போடுவதில்
எந்தச் சிரமமும் இல்லை.
வுட், ஹாவ், எல்லாம் தானாக வந்து நின்றன.
நீதிபதி எதையோ எழுதிக்கொண்டார்.
கேள்வியாக எடுத்துக்கொண்டாரா, தெரியவில்லை.
சாப்பாட்டு இடைவேளை, ஒன்றே கால் வரை.

எல்லோரும் எழுந்து வெளியே போக
பொறியாளர் பொம்மையைப் பெட்டிக்குள் வைத்தார்.
வளையத்தோடு மூடி மூடவில்லை.
ஒருமுறை அழுத்திப் பார்த்தார்.
பிறகு
கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.